பன்னிரண்டு ரோஜாச் செடி, ஒரே மருந்துப் புட்டி

அக்கா வீட்டு ரோஜாப் பாத்தியில் பன்னிரண்டு செடிகள். வைத்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் பூத்துக் கொட்டின. இரண்டாம் வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு அடியிலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. மூன்றாம் வருடம் நான் போய்ப் பார்த்தபோது பாதிச் செடிகள் வெறும் குச்சியும் உச்சியில் நாலு இலையுமாக நின்றன. இத்தனைக்கும் அக்கா செடியைக் கவனிக்காதவள் இல்லை. மூன்று மாதமாக வாரம் தவறாமல் பூஞ்சை மருந்து அடித்திருக்கிறாள்.

"ஒரு வாரம்கூட விட்டதில்லடா. மருந்து அடிச்சா நோய் போகணும்ல? இது என்னடான்னா அடிக்க அடிக்க ஏறுது" என்றாள்.

அதற்கப்புறம் நான்கு மாதம் அந்தப் பாத்தியை இருவரும் சேர்ந்து கவனித்தோம். என்ன பார்த்தோம், என்ன செய்தோம், நான் எங்கே தவறினேன் என்பதையெல்லாம் அப்போது எழுதிவைத்த நோட்டிலிருந்து இங்கே தருகிறேன்.

மருந்தை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்தோம்

முதல் வேலையாக மருந்தை நிறுத்தச் சொன்னேன். ஒரு வாரம் எதையும் தெளிக்கக் கூடாது. இலையெல்லாம் மருந்து படிந்து கிடந்ததில் எது மருந்து, எது பூஞ்சை என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு மனசே இல்லை. "ஒரு வாரத்துல மிச்ச இலையும் போயிடுமே" என்றாள். போனால் போகட்டும், என்ன நோய் என்று தெரியாமல் அடிக்கிற மருந்தைவிட அது மேல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஐஸ் குச்சிகளில் 1 முதல் 12 வரை எழுதி ஒவ்வொரு தூரிலும் செருகினோம். பாத்தி ஒரே நேர்கோடு. கிழக்கு முனையில் ஆளுயரத்துக்கும் மேலே மதில். அதன் நிழலில் 1 முதல் 5 வரை. நடுவில் கூரை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் 6, 7. சிமென்ட் நடைபாதையை ஒட்டி 8, 9. மேற்கே திறந்த வெளியில் 10, 11, 12. ஒவ்வொரு செடியிலும் மூன்றே கேள்விகள். கோளாறு செடியின் எந்த உயரத்தில் இருக்கிறது? இலையின் மேல்பக்கமா, அடிப்பக்கமா? கொழுந்திலா, முற்றிய இலையிலா?

எழுதி முடித்தபோது அக்கா 'நோய்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தது ஐந்து தனித்தனிக் கோளாறுகளாகப் பிரிந்துவிட்டது. அதில் இரண்டு பூஞ்சையே இல்லை.

1, 2, 3, 5 ஆகிய நான்கிலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கரும்புள்ளி நோய். முற்றிய இலையின் மேல்பக்கத்தில் கறுப்பு வட்டங்கள். பெரியது சட்டைப் பொத்தான் அளவு. உற்றுப் பார்த்தால் வட்டத்தின் ஓரம் வெட்டி ஒட்டினதுபோல் இருக்காது, மட்டமான காகிதத்தில் மை ஊறினதுபோல் பிசிறடித்திருக்கும். இந்த நோயை அடையாளம் காண எனக்கு அந்தப் பிசிறு போதும். புள்ளியைச் சுற்றி மஞ்சள் பரவும். கடைசியில் தொட்டாலே இலை கையோடு வந்துவிடும். அடியிலையில் தொடங்கி மேலே ஏறும். இதற்குக் காரணமான பூஞ்சையின் பெயர் டிப்ளோகார்பன் ரோசே. ரோஜா இனத்தைவிட்டு வேறு செடிக்குப் போகாது. ஆனால் பிடித்த இடத்தைச் சுலபத்தில் விடவும் விடாது: உதிர்ந்த இலையிலும், தண்டின் மேல் உண்டாகும் ஊதாக் கறைகளிலும் அடுத்த மழைக்காகக் காத்துக் கிடக்கும்.

இந்த நான்குக்கும் நடுவில் இருந்த 4-ஆம் செடியில் ஒரு புள்ளிகூட இல்லை. அதே நிழல், அதே தண்ணீர், அதே மருந்து. இலை மட்டும் தடித்து மெழுகு பூசினதுபோல் மின்னியது. மாறாக 3-ஆம் செடிதான் பாத்தியிலேயே மோசம். அது மஞ்சள் பூ. இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் பெர்னே-டூஷே என்ற ரோஜா வளர்ப்பாளர், ரோசா ஃபெடிடா என்னும் மேற்காசிய மஞ்சள் ரோஜாவைக் கலந்து 'சொலே டோர்' என்ற வகையை 1900-இல் கொண்டுவந்தார். இன்றைய தோட்ட ரோஜாக்களின் அடர்மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை. நிறத்தோடு சேர்ந்து கரும்புள்ளிக்குச் சட்டென்று பணிந்துவிடும் குணமும் வந்துவிட்டது என்று ரோஜா வளர்ப்பவர்கள் இன்றும் முணுமுணுப்பார்கள். எல்லா மஞ்சளும் அப்படியல்ல, ஆனால் அக்காவின் 3-ஆம் செடி அந்த முணுமுணுப்புக்கு நல்ல சாட்சி.

6, 7 இரண்டிலும் சாம்பல் நோய். இது முற்றிய இலையை அவ்வளவாகச் சீண்டாது, கொழுந்தைத்தான் பிடிக்கும். இளம் இலை சுருண்டு, மாவு தூவினதுபோல் வெள்ளை படிந்திருந்தது. மொட்டின் காம்பிலும் அதே வெள்ளை. சில மொட்டுகள் விரியாமல் அப்படியே நின்றுவிட்டன. கூரைக்குக் கீழே மழைத்துளியே படாத இடத்தில் இது வந்தது அக்காவுக்கு ஆச்சரியம். ஆனால் இதன் குணமே அதுதான். மற்றப் பூஞ்சைகள் பலவற்றுக்கும் இலை நனைய வேண்டும். சாம்பல் நோயின் வித்து, அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகள், நீரில் நனைந்தால் சரியாக முளைக்காது. காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். ஈரமான இரவு, காய்ந்த பகல், காற்றோட்டமில்லாத மூலை என்று அது கேட்கும் எல்லாமே அந்தக் கூரைக்குக் கீழே இருந்தன.

சில திராட்சைத் தோட்டங்களில் ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் ரோஜா வைத்திருப்பார்கள். ரோஜாவில் சாம்பல் வந்தால் அடுத்து திராட்சைக்கு வரும் என்று காரணம் சொல்வார்கள். உண்மையில் ரோஜாவில் வருவது போடோஸ்ஃபேரா பன்னோசா, திராட்சையில் வருவது எரிசிஃபே நெகேட்டர். ஒன்று மற்றதன் மேல் தொற்றாது. வானிலை இருவருக்கும் பொது என்பதால் எச்சரிக்கையாக ஓரளவு பயன்படலாம், அவ்வளவுதான். பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து நோயும் ஒன்று என்று நினைப்பது அங்கேயும் நடக்கிறது.

8, 9-ஐப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதம் பூஞ்சை மருந்து குடித்த அந்த இரண்டு செடிகளிலும் பூஞ்சையே இல்லை. இலை முழுக்க ஊசியால் குத்தினதுபோல் வெளிர்புள்ளிகள், தூரத்திலிருந்து பார்த்தால் மங்கின வெண்கல நிறம். ஒரு வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டினேன். தாளில் விழுந்த தூசியில் சில நடக்க ஆரம்பித்தன. செஞ்சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கம் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அதிகமானால் மெல்லிய வலை பின்னும். சிமென்ட் தரையிலிருந்து அடிக்கும் சூடு அதற்கு ரொம்பப் பிடித்தமானது. நல்ல வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளிலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும்.

10-இல் நுனிக்கருகல். கவாத்து செய்த இடத்திலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே கீழே இறங்கியிருந்தது. வெட்டின இடத்தைப் பார்த்தால் காரணம் புரிந்தது: தண்டில் துளிர் கிளம்பும் மொட்டுக்கு மேலே மூன்று விரல் நீளத்துக்குக் குச்சியை விட்டு, மொண்ணைக் கத்தரியால் நசுக்கி வெட்டியிருந்தாள். உயிரில்லாத அந்த மிச்சக் குச்சி வழியாகப் பூஞ்சை உள்ளே போயிருந்தது.

11-ஐ முதலில் நான் நல்ல செடி என்றே எழுதிவைத்தேன். வளர்ச்சிதான் கொஞ்சம் குறைவு. அப்புறம் தூரின் மண்ணை விரலால் ஒதுக்கியபோது ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே கரடுமுரடான கழலை, எலுமிச்சை அளவு. அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் வேலை. காயத்தின் வழியே நுழைந்து தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள்ளேயே செருகிவிடும். அதன் பிறகு அந்தச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக்கொண்டே போகும். பாக்டீரியாவையே கொன்றாலும் கழலை நிற்காது.

12-இல் அடியிலைகளில் மட்டும் ஐந்தாறு கரும்புள்ளிகள்.

இலை எத்தனை மணி நேரம் நனைந்திருந்தது

நோய்களைப் பிரித்தாயிற்று. ஆனால் கரும்புள்ளிக்குச் சரியான மருந்தைத்தான் அக்கா அடித்திருக்கிறாள். அவள் அடித்த மேன்கோசெப் கரும்புள்ளிக்கு வேலை செய்யும். அப்படியென்றால் ஏன் நிற்கவில்லை?

ஒரு நாள் அவள் வழக்கமாக என்ன செய்கிறாளோ அதையே செய்யச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு மணி. குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, விசிறிபோல் நீரை அடித்து, செடியை உச்சியிலிருந்து குளிப்பாட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தரையில் கிடந்த பழைய இலைகளின் மேல் நீர் விழுந்து, மண்ணோடு சேர்ந்து அடியிலைகளில் தெறித்தது. ஒன்பது மணிக்கு டார்ச்சோடு போய்த் தொட்டுப் பார்த்தேன்: ஈரம். பதினொன்றுக்கும் ஈரம். காலை ஐந்தரைக்குப் பனியும் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. மதில் நிழல் விலகி 2-ஆம் செடியின் இலை கைக்குக் காய்ந்ததாகப் பட்டபோது மணி ஒன்பது. ஆறு மணியிலிருந்து கணக்குப் போட்டால் பதினைந்து மணி நேரம்.

கரும்புள்ளியின் வித்து இலையில் விழுந்து முளைத்து உள்ளே நுழைய, இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். உள்ளே நுழைந்த பிறகு ஒரு வாரம் பத்து நாளில் புள்ளி வெளியே தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து புது வித்துகள் கிளம்பும். இவை சாம்பல் நோயின் வித்துபோல் காற்றில் பறப்பவை அல்ல, நீர்த்துளி தெறிக்கும்போதுதான் இடம் மாறும். ஏழு மணி நேரம் கேட்கும் பூஞ்சைக்கு அக்கா தினமும் இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறாள். தரையிலிருந்து இலைக்கு ஏற்றிவிடும் வேலையையும் குழாயே செய்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொன்னபோதுதான் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். மேன்கோசெப் தொடு மருந்து. செடிக்குள் போகாது, இலையின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்து, விழுகிற வித்தை முளைக்கவிடாமல் தடுக்கும். ஞாயிறு காலையில் மருந்து அடித்துவிட்டு, ஞாயிறு சாயங்காலமே குழாயால் அதைக் கழுவத் தொடங்கியிருக்கிறாள்.

"அப்ப இத்தனை நாள் மண்ணுக்குத்தான் மருந்து அடிச்சேனா?"

பெரும்பாலும் அப்படித்தான்.

செய்தது

இரண்டாம் வாரம் முழுக்கச் சுத்தம் செய்வதிலேயே போயிற்று. உதிர்ந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பைகளில் கட்டி அப்புறப்படுத்தினோம். வீட்டு எருக்குழியில் போடவில்லை. எருக்குழி நன்றாகச் சூடேறினால் பூஞ்சை சாகும், ஆனால் வீட்டுக் குழிகள் எல்லாம் அந்த அளவு சூடாவதில்லை. செடியிலேயே இருந்த நோய் இலைகளையும் கிள்ளினோம், ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்காமல். புள்ளி விழுந்த இலைகூடக் கொஞ்சம் உணவு தயாரித்துக் கொடுக்கும். எல்லாவற்றையும் உருவிவிட்டால் செடி சேமிப்பைச் செலவழித்துத் துளிர்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம் கவாத்து. நடுவில் குறுக்கும் நெடுக்கும் போன தண்டுகளை எடுத்து, செடியைக் கிண்ணம்போல் திறந்துவிட்டோம். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக ஒரு வெட்டு. 10-ஆம் செடியில் மட்டும் கறுத்த பகுதியோடு நிறுத்தாமல், தண்டின் நடுச்சோறு வெள்ளையாகத் தெரியும்வரை கீழே கீழே வெட்டிக்கொண்டே போனேன். முதல் வெட்டில் பழுப்பு, இரண்டாவதிலும் பழுப்பு, மூன்றாவதில்தான் வெள்ளை. வெட்டின முனையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சை மருந்தைக் குழைத்துப் பூசினோம். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்தோம். ப்ளீச்சிங் கரைசலும் கிருமியைக் கொல்லும், ஆனால் கத்தரியையும் தின்றுவிடும். 11-ஐக் கடைசியாகத்தான் தொட்டோம்.

தண்ணீர் காலை ஏழு மணிக்கு, தூரில் மட்டும். முதலில் பூவாளியின் தலையைக் கழற்றிவிட்டு ஊற்றினாள். பிறகு துளையிட்ட குழாயைப் பாத்தி நெடுக ஓட்டிவிட்டோம். நடுச்சோறு தெரியுமளவு வெட்டின செடிகளுக்கு நீர் குறையக் கூடாது என்பதால் அளவைக் குறைக்கவில்லை, நேரத்தையும் இடத்தையும்தான் மாற்றினோம். சருகு, மரச்சீவல் என்று கிடைத்ததை வைத்து மூன்று விரல் கனத்துக்கு மூடாக்கு. தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு. மண்ணில் மிச்சமிருக்கும் வித்து தெறித்து மேலே வராமல் இருக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகுதான் மருந்து. 1, 2, 3, 5, 12 ஆகிய ஐந்துக்கு மட்டும். பத்து நாளுக்கு ஒரு முறை மேன்கோசெப்பும், டிரையசோல் வகையைச் சேர்ந்த ஊடுருவும் மருந்தும் மாறி மாறி, புட்டியில் போட்டிருக்கும் அளவில். ஊடுருவும் மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் அதைத் தாங்கிக்கொள்ளும் பூஞ்சைகள் மட்டும் பிழைத்துப் பெருகும், அதனால்தான் மாற்றுவது. இலையின் இரு பக்கமும் படும்படி, காலையில், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. எந்த மருந்துக்கு எங்கே அனுமதி என்பது இடத்துக்கு இடம் மாறும். மேன்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மறுத்துவிட்டது. வீட்டுத் தோட்டத்துக்கு அனுமதி உள்ளதா என்று பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து அக்கா சலித்துக்கொண்டாள்: "புள்ளி அப்படியேதானடா இருக்கு." அப்படியேதான் இருக்கும். ஒரு முறை விழுந்த புள்ளியை எந்த மருந்தாலும் அழிக்க முடியாது. அப்படியானால் மருந்து வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்காக ஒரு சின்ன வேலை செய்தோம். ஒவ்வொரு செடியிலும் ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து, அன்றைக்கு உச்சியில் விரிந்திருந்த கடைசி இலைக்கு மேலே ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டினோம். நூலுக்குக் கீழே இருப்பது பழைய பாவம், அதைப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. நூலுக்கு மேலே புதிதாக வருவதை மட்டும்தான் எண்ண வேண்டும். இந்த நான்கு மாதத்தில் எங்களுக்கு மருந்தைவிட அதிகம் உதவியது அந்த நூல்தான் என்று சொல்வேன்.

சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் 6, 7 இரண்டும் கந்தகத்தோடு ஏற்கெனவே ஒரு மோசமான அனுபவம் பெற்றவை. நான் போவதற்கு முன்பே யாரோ சொல்லி அக்கா கந்தகம் அடித்திருக்கிறாள்: உச்சி வெயிலில், அதுவும் வேப்பெண்ணெய் அடித்து மூன்றே நாளில். இலையோரமெல்லாம் கருகிப்போயிருந்தது, அதையும் அவள் நோய்க் கணக்கில் சேர்த்திருந்தாள். 30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறும் நாளில் கந்தகம் அடிக்கக் கூடாது. எண்ணெய் எதுவும் அடித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இந்த இரண்டு விதியையும் மீறாவிட்டால் கந்தகம் பழைய, நம்பகமான மருந்து. பிரிட்டனின் தொழில் நகரங்களில் நிலக்கரிப் புகை சூழ்ந்திருந்த காலத்தில் ரோஜாக்களில் கரும்புள்ளி அபூர்வமாம். 1956-இல் சுத்தக் காற்றுச் சட்டம் வந்து புகை குறையக் குறைய நோய் திரும்பி வந்தது. காற்றிலிருந்த கந்தக டை ஆக்சைடுதான் பூஞ்சையை அடக்கி வைத்திருந்தது. மனிதர்களின் நுரையீரலுக்கு அது என்ன செய்தது என்பது வேறு கதை.

சமையல் சோடா பற்றி அக்கா கேட்டாள். நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா, ஒரு மேசைக்கரண்டி தோட்ட எண்ணெய் என்ற கலவை சாம்பல் நோயை ஆரம்பத்திலேயே பிடித்தால் ஓரளவு கேட்கும். பொட்டாசியம் பைகார்பனேட் அதைவிட நல்லது. சோடாவில் இருக்கும் சோடியம் மண்ணில் சேர்வது நல்லதில்லை. பாலை நீரில் கலந்து தெளிக்கும் வழக்கமும் வெறும் கட்டுக்கதை இல்லை, பிரேசிலில் சுரைக்காய் இனத்துச் செடி ஒன்றின் சாம்பல் நோயில் அது பலன் தந்ததாக 1999-இல் ஆய்வு வெளியானது. ஆனால் இவை எதுவும் கரும்புள்ளிக்கு நம்பும்படியான வழி இல்லை.

8, 9-க்கு மருந்தே இல்லை. காலை வெயில் ஏறும்போது, இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக் குழாயை வேகமாக அடிக்கச் சொன்னேன், இரண்டு நாளுக்கு ஒரு முறை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அங்க நனைக்காதேங்கிற, இங்க நனைங்கிற." ஆமாம். வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும் இலையில் கரும்புள்ளி நுழைய முடியாது. பேன்களோ அடித்துக்கொண்டு போகும். பூச்சிக்கொல்லி அடித்தால் பேனைத் தின்னும் பேன்களும் பூச்சிகளும் முதலில் சாகும், இரண்டு வாரத்தில் செஞ்சிலந்தி இரட்டிப்பாகத் திரும்பும்.

11-ஐ வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் தோண்டி எடுத்துவிடச் சொன்னேன். அது முதல் பூ பூத்த செடி என்று அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். அந்தச் செடிக்குத் தனிக் கத்தரி, அதன் பக்கத்தில் கொத்தக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு.

ஏழாம் வாரம் நான் ஏமாந்தது

ஆறு வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நூலுக்கு மேலே 1, 2, 5-இல் சுத்தமான இலைகள். ஏழாம் வாரம் வானம் மூடிக்கொண்டது. ஐந்து நாள் விடாத தூறல், குளிர். ஆறாம் நாள் அக்கா போன் செய்தாள்: 7-ஆம் செடியில் இலைகள் ஒரே இரவில் கொட்டிவிட்டன.

போய்ப் பார்த்தேன். கருஞ்சிவப்புக் கறைகள். கரும்புள்ளி இங்கேயும் வந்துவிட்டது என்று முடிவு கட்டி மேன்கோசெப் அடித்துவிட்டு வந்தேன். இரண்டு நாளில் பக்கத்துச் செடி 6-லும் இலை விழுந்தது. அப்போதுதான் நான் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விகளை நானே கேட்கவில்லை என்று உறைத்தது. கறைகள் அடியிலையில் இல்லை, மேலே இளம் இலைகளில். வட்டமாக இல்லை, நரம்புகளுக்கு நடுவே கட்டம் போட்டதுபோல் கோணலாக. பிசிறு இல்லை. லென்ஸ் வைத்து அடிப்பக்கம் பார்த்தால் மங்கின சாம்பல் நிறத்தில் மிக மெல்லிய பஞ்சு. அடிச்சாம்பல் நோய்.

பெயரில் சாம்பல் இருந்தாலும் சாம்பல் நோய்க்கும் இதற்கும் உறவில்லை. பெரனோஸ்போரா ஸ்பார்சா என்ற இது உண்மையான பூஞ்சையே அல்ல, நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய ஊமைசீட் வகை. அதனால் கந்தகமோ டிரையசோலோ இதை அசைக்காது. காற்றில் 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் 18 டிகிரி வாக்கில் குளிர்ச்சியும் இருந்தால் தலைதெறிக்கப் பரவும். 27 டிகிரி வெப்பம் ஒரு நாள் முழுக்க நீடித்தால் வித்துகள் செத்துவிடும்.

இதன் உறவுக்கார நோய் ஒன்று 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் திராட்சையை அழித்தபோது, பாதையோரக் கொடிகளில் திருடர்களைப் பயமுறுத்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்த இடங்கள் மட்டும் பிழைத்திருப்பதை போர்டோவில் இருந்த பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885-இல் அவர் வெளியிட்ட அந்தக் கலவைதான் இன்றும் நாம் சொல்லும் போர்டோ கலவை.

விழுந்த இலைகளை அன்றே அள்ளினோம். 6, 7-இன் கிளைகளில் இன்னும் சிலவற்றை எடுத்துக் காற்றுக்கு வழி விட்டோம். ஊமைசீட் வகையை அடக்கும் மெட்டலாக்சில் கலந்த மருந்து இரண்டு முறை, பத்து நாள் இடைவெளியில். இரண்டாவது முறை அடிப்பதற்கு முன்பே வானம் தெளிந்து வெயில் அடிக்க ஆரம்பித்துவிட்டது, நோயும் நின்றது. பெருமையில் பெரும்பங்கை வெயிலுக்குத்தான் கொடுப்பேன். மேன்கோசெப்பும் இந்த நோய் வருமுன் காக்கும் மருந்துதான்; ஆனால் நான் அடித்தபோது நோய் இலைக்குள் போய் நாளாகியிருந்தது.

பதினாறாம் வாரம்

1, 2, 5-இல் நூலுக்கு மேலே எண்ணிப் பார்த்தோம். 1-இல் புள்ளியே இல்லை. 2-லும் 5-லும் ஓரிரு இலைகளில் மட்டும். 12-இல் புதிதாக ஒன்றுமில்லை, அதற்கு மருந்தைப் பத்தாம் வாரத்திலேயே நிறுத்திவிட்டோம். 4 எப்போதும்போல் மின்னியது; அதற்கு இந்த நான்கு மாதத்தில் ஒரு சொட்டு மருந்துகூடப் போகவில்லை. 6, 7 மெதுவாகத் தேறுகின்றன. கூரையடி காற்றில்லாத இடம் என்பதால் சாம்பல் நோய் அங்கே மறுபடி வரும் என்றே நினைக்கிறேன். அடுத்த கவாத்தின்போது இரண்டில் ஒன்றை வேறிடத்துக்கு மாற்றுவதாகத் திட்டம். 8, 9-இல் தாளைத் தட்டினால் எப்போதாவது ஒன்று நடக்கிறது. அதோடு, அவற்றைத் துரத்திக்கொண்டு வேகமாக ஓடும் வேறு பேன்களும் தெரிந்தன. 10-இல் கருகல் நின்று, வெள்ளை தெரிந்த வெட்டுக்குக் கீழிருந்து மூன்று போத்துகள் வந்திருக்கின்றன.

3-ஆம் செடி தேறவில்லை. ஒன்பது முறை அதற்கு மருந்து அடித்தோம். நூலுக்கு மேலே வந்த இலைகளில் பாதிக்கு மேல் புள்ளி. பத்து நாள் இடைவெளி இரண்டு நாள் தள்ளிப்போனால் போதும், காத்திருந்ததுபோல் வந்துவிடுகிறது. ஒரு செடிக்காக வருடம் முழுக்க மருந்து அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, தவிர அது மற்ற நான்குக்கும் வித்து சப்ளை செய்துகொண்டே இருக்கும். எடுத்துவிடலாம் என்றேன். இந்த முறை அக்கா மறுக்கவில்லை. அந்த இடத்துக்கு 4-ஆம் செடியின் வகையையே இன்னொன்று வாங்கலாமா என்று கேட்டாள். வாங்கலாம், ஆனால் ஒரே வகையையே வரிசையாக வைத்தால், அதன் எதிர்ப்பை உடைக்கக் கற்ற பூஞ்சை ஒன்று வந்துவிட்டால் வரிசையே போய்விடும். கரும்புள்ளிப் பூஞ்சையில் பல இனங்கள் உண்டு, ஒன்றைத் தாங்கும் ரோஜா இன்னொன்றிடம் தோற்கும். எனவே நோய் தாங்கும் வேறொரு வகையாகப் பார்க்கச் சொன்னேன். வாங்கும்போது ஒட்டுப் பகுதியைக் கையால் தடவிப் பார்த்து, கழலை இல்லை என்று உறுதி செய்துகொண்டு.

11-ஐ அவளே தோண்டினாள், பதினான்காம் வாரம், நான் இல்லாதபோது. கழலை ஒன்று மூன்றாகியிருந்ததாம். செடியைக் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, மண்ணையும் இரண்டு கூடை அள்ளிப் போட்டிருக்கிறாள். அந்தக் குழியில் இரண்டு வருடத்துக்காவது ரோஜா வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். புல் இனத்துச் செடிகளை அந்தப் பாக்டீரியா பொதுவாகச் சீண்டாது என்பதால் இப்போதைக்கு அங்கே எலுமிச்சைப் புல் நிற்கிறது.

போன வாரம் போனபோது 1, 2, 5-இல் பழைய சிவப்பு நூல்கள் இல்லை. அவிழ்த்து, இன்றைய உச்சி இலைக்கு மேலே மாற்றிக் கட்டியிருந்தாள்.